எம்.பி.எச். படிப்பு: இரண்டு வருடத்துக்கும் கொடுத்த காசுக்கும் தகுமா?

நான் பி.டி.எஸ். படித்தவள், ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட முழுநேர எம்.பி.எச்., அதாவது பொது சுகாதார முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு, இப்போது ஒரு சுகாதாரத் திட்டத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். ஜூனியர் பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, சேரலாமா? போடுற காசுக்கு உண்டா?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. நான் மதிப்பிடுவது படிப்பை.

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். படிப்புக்கு ஐந்துக்கு நாலரை. படித்து முடித்தபின் கிடைக்கும் வேலைக்கு ஐந்துக்கு இரண்டு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். எது உங்களுக்கு முக்கியமோ அதை மட்டும் பாருங்கள்.

செலவு: விடுதி, சாப்பாடு, ஆய்வுக்கான பயணம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆறு லட்சத்தை ஒட்டி வந்தது. அரசு நிறுவனங்களில் இதைவிட வெகுவாகக் குறையும், ஆனால் இடங்கள் கொஞ்சம்தான், நுழைவுத் தேர்வு உண்டு. கல்விக் கடன் வாங்கித்தான் படித்தேன், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும். இது வைத்தியம் பார்க்கும் படிப்பு இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மூன்று வருடம் படிக்கும் எம்.டி. சமூக மருத்துவம் வேறு, இது வேறு. எம்.பி.எச். முடித்தால் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் சேரும், ஊசி போடும் உரிமையோ மருந்து எழுதும் உரிமையோ கூடுதலாக வராது. என் வகுப்பில் பாதிக்கு மேல் பல் டாக்டர்கள். மீதிப் பேர் சித்தா, ஆயுர்வேதம், நர்சிங், பிசியோதெரபி. மைக்ரோபயாலஜி படித்த ஒரு பையனும் இருந்தான். ஒரு நோயாளியைக் கையில் எடுத்துப் பார்க்கப் பழகியவர்களுக்கு, ஊர் முழுவதையும் ஒரே நோயாளியாகப் பார்க்கச் சொல்வதுதான் இந்தப் படிப்பு. எனக்கு அது பிடிபட ஒரு செமஸ்டர் ஆனது.

பிடிபட்டது வகுப்பறையில்கூட இல்லை, எங்கள் வீட்டு அடுப்படியில். அம்மா கிராம சுகாதார செவிலியர். சமவெளிப் பகுதியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 மக்கள் என்பது அரசாங்கக் கணக்கு. சின்ன வயதிலிருந்தே தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு என்று நீளநீளமான நோட்டுகளுக்கு நடுவேதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். முதல் செமஸ்டர் லீவுக்கு வந்தபோது அம்மாவின் மாதாந்திர அறிக்கையைப் புரட்டினேன். ஒரு தடுப்பூசிக்கு நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

"நூறு பிள்ளைல நூத்தி நாலு பிள்ளைக்கு எப்படிம்மா ஊசி போட முடியும்?"

அம்மா சோற்றை வடித்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, செங்கச்சூளைக்கு வந்திருக்க பிள்ளைகளுக்கும் நாந்தான போடுதேன். போட்ட ஊசி கணக்குல ஏறிரும். அந்தப் பிள்ளைக எந்த லிஸ்ட்டுல இருக்கு?"

சூளைக் குடும்பங்கள் தை மாதம் வரும், மழைக்கு முன்னால் ஊருக்குத் திரும்பும். போட்ட ஊசி பின்னத்தின் மேலே ஏறிவிடுகிறது. ஆனால் கீழே நிற்கும் எண், அதாவது இத்தனை குழந்தைகளுக்குப் போட வேண்டும் என்ற இலக்கு, அந்த ஊரில் நிலையாக இருப்பவர்களை வைத்துக் கட்டியது. அதே பிள்ளைகள் சொந்த ஊரின் பட்டியலில் ஊசி போடாமல் விடுபட்டவர்களாக நிற்பார்கள். ஒரு ஊரில் நூறைத் தாண்டும், இன்னொரு ஊரில் குறையும். இரண்டு செவிலியருமே ஒழுங்காக வேலை பார்த்திருப்பார்கள், இரண்டு அறிக்கையுமே தப்பாக இருக்கும். அம்மா அந்தச் சூளைப் பிள்ளைகளுக்கென்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் தனியாக எழுதி வைத்திருந்தாள். பிறந்த தேதி தெரியாத இடத்தில் "தீபாவளிக்கு முந்தி" என்று இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாத அந்தப் பக்கங்கள்தான் அந்த ஊரின் உண்மையான கணக்கு.

எங்கள் நோய்ப்பரவியல் ஆசிரியர் எதைச் சொன்னாலும் "எத்தனை பேரில்?" என்று கேட்பார். இந்த ஆஸ்பத்திரியில் டெங்கு நாற்பது, அந்த ஆஸ்பத்திரியில் இருபது என்றால், எத்தனை பேரில்? அந்த எத்தனை பேரில் யார் எண்ணப்படவே இல்லை? இந்த ஒரு கேள்வியை ரத்தத்தில் ஏற்றிவிட்டால் படிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது என்பேன். செய்தித்தாளில் வரும் எந்த சதவீதத்தையும் அதற்குப்பிறகு சும்மா கடந்துபோக முடியாது. 2020-ல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்களுக்காக நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவும், அப்படி இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருப்பதாகவும் தெரிந்தது. இந்தச் சதவீதங்கள் இரண்டுக்கும் பின்னத்தின் கீழே நிற்கும் எண் வேறு வேறு. முதலாவது எல்லாப் பெரியவர்களிலும், இரண்டாவது அழுத்தம் உள்ளவர்களில் மட்டும். இதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால், மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

களப்பயிற்சியில் எங்களை முப்பதுக்கு ஏழு என்ற தடுப்பூசிக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். முப்பது ஊர் அல்லது வார்டு, ஒவ்வொன்றிலும் 12 முதல் 23 மாதம் வரையுள்ள ஏழு குழந்தைகள், ஆக 210. முதல் வீட்டைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும், அதன்பின் அடுத்த வாசல், அடுத்த வாசல் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். பழைய முறைதான், இப்போது இதைவிடச் செம்மையான முறைகள் வந்துவிட்டன. ஆனாலும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. வீடு பூட்டியிருக்கும், சாயங்காலம் திரும்பிப் போக வேண்டும், பக்கத்து வீட்டை எடுத்து நிரப்பக் கூடாது. ஏன் கூடாது என்பது புத்தகத்தில் நாலு வரி. பூட்டிய வீட்டு அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து பொழுது சாய்ந்து வந்து, டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துக் காட்டும்போது அது மனதில் நிற்கும். வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு, வீட்டில் இருக்கும் அம்மாக்களின் கணக்குதான்.

வரலாற்றுப் பாடம் எனக்கு எதிர்பாராத பரிசு. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், காசநோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலேயும் வைத்து அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான தெருக்களில், சத்தான சாப்பாடு இல்லாமல் இருந்தவர்கள். 1959-ல் முடிவு வந்தபோது, குணமானதில் இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. காசநோய் என்றால் ஊரை விட்டு ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற நம்பிக்கையை உலகம் முழுக்கத் திருப்பிப்போட்டது நம் சென்னையின் ஏழை நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வு. எனக்கு இது இருபத்தைந்து வயது வரை தெரியாது.

அதே நூலைப் பிடித்துக்கொண்டு போனால் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் வரும். புதிதாகக் காசநோய் என்று தெரிந்த ஒவ்வொரு பெரியவரையும் அன்றைக்கே சில விஷயங்களுக்குப் பார்த்துவிட வேண்டும்: உயரத்துக்கு எடை மிகவும் குறைவா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு எடை மெஷின், உயரம் அளக்க ஒரு டேப், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். காசநோயால் இறப்பவர்களில் பலர் மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே போய்விடுகிறார்கள், அவர்களை முதல் நாளே அடையாளம் காண வேண்டும் என்று யாரோ கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த மாதிரி வேலை செய்யத்தான் நான் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று அந்த வகுப்பில்தான் எனக்கே தெரிந்தது.

குறைகளுக்கு வருகிறேன். புள்ளியியல் பாடம் நடத்திய ஆசிரியர் நடு செமஸ்டரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப்பின் வந்த விருந்தினர் ஆசிரியர்கள் ஸ்லைடை வாசித்துவிட்டுப் போனார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் கட்டணம் வாங்கிய கல்லூரி, படிப்பின் முதுகெலும்பான பாடத்துக்கு முழுநேர ஆளைப் போடாதது எனக்கு இன்றைக்கும் கோபம்தான். நாங்கள் சில பேர் விடுதி மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆர் மென்பொருளை நாங்களாகவே கற்றுக்கொண்டோம். காசு கேட்காத மென்பொருள், அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. அப்போது இலவசமாகத் தந்த எபி இன்ஃபோவும் அப்படித்தான். லைசென்ஸ் வாங்கிய விலையுயர்ந்த மென்பொருள் லேபில் பூட்டிக் கிடந்தது.

நெறிமுறைக் குழு அனுமதி இன்னொரு இழுபறி. மனிதர்களிடம் தகவல் சேகரிக்கும் எந்த ஆய்வுக்கும் அந்தக் குழு பார்த்துச் சம்மதிக்க வேண்டும், அது சரியான ஏற்பாடு, வேண்டாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் குழு எப்போது கூடும் என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லாததால், கள வேலைக்கென்று வைத்திருந்த காலத்தில் பாதி ஆபீஸ் வாசலில் போனது.

ஆய்வேடுதான் இந்தப் படிப்பின் உயிர். நான் எடுத்தது பீடி சுற்றும் பெண்களும் பி.பி. மாத்திரையும். எங்கள் பக்கம் வாசலுக்கு வாசல் மடியில் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாத்திரை அரசு இலவசமாகத் தருகிறது, வீட்டுக்கே வருகிறது, ஆனாலும் பலருக்கு அழுத்தம் குறையவில்லை, ஏன்? முதல் கேள்வித்தாளில் "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று இருந்தது. முன்னோட்டமாகக் கேட்டுப் பார்த்தபோது எல்லோரும் "ஆமா தாயி" என்றார்கள். வழிகாட்டி அந்த வரியை அடித்துவிட்டு, "போன வாரத்தில் எந்த நாளாவது விட்டுப்போச்சா? என்னைக்கு?" என்று எழுதச் சொன்னார். அப்போதுதான் வாய் திறந்தார்கள். பீடியை எண்ணிக் கடையில் ஒப்படைக்கும் நாளில் காலையிலேயே கிளம்ப வேண்டும். சாப்பிடாமல் போவதால் மாத்திரையும் போடுவதில்லை. சிலர் தலை சுற்றும் நாளில் மட்டும் போடுகிறார்கள். ஒருவர் தன் மாத்திரையில் பாதியை வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார். ஒரு கேள்வியின் வடிவம் மாறியதில் மூடியிருந்த கதவு திறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ரத்த அழுத்தம் அளப்பதும் அப்படியே. முறைப்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணிடம் தட்டைக் கீழே வைக்கச் சொல்வது சின்ன விஷயமில்லை. "இந்த நேரத்துல பத்து பீடி போயிரும்லா" என்று ஒரு அக்கா சொன்னபோது எனக்குப் பதில் இல்லை. அதன்பிறகு அவர்கள் மதியம் சாப்பிட்டு எழுந்திருக்கும் நேரம் பார்த்துப் போனேன். உழைப்பவரின் நேரத்துக்கு விலை உண்டு என்பதை நான் படித்த எந்தப் பொருளாதாரப் பாடமும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

வேலை விஷயம். இதில் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்க்கை நேரத்தில் கல்லூரிகள் இதைச் சொல்வதில்லை. நகர்நல அலுவலர் மாதிரியான நிரந்தர அரசுப் பதவிகளுக்கு எம்.பி.பி.எஸ். அடிப்படைத் தகுதி. பெரிய சர்வதேச அமைப்புகளின் கண்காணிப்புப் பதவிகளிலும் பல அப்படித்தான். டாக்டர் அல்லாத எம்.பி.எச்.காரருக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் திட்ட ஒருங்கிணைப்பாளர், ஆய்வு உதவியாளர், தரவு மேலாளர் மாதிரி வேலைகள். அவையும் பதினோரு மாத ஒப்பந்தம், நிதி வந்தால் நீட்டிப்பு. என் முதல் வேலையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு அமைப்பில், சம்பளம் மூன்று மாதம் தள்ளி வந்தது. அந்த நேரத்தில் கடன் தவணை கட்ட அம்மாவின் சம்பளம்தான் கைகொடுத்தது. 1939-லேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலத்திலும் பொது சுகாதார மேலாண்மைக்கென்று தனிப் பணியணி வேண்டும் என்றது. அப்படி ஒன்று எல்லா இடத்திலும் வந்து, அதில் எம்.பி.பி.எஸ். அல்லாதவர்களுக்கும் முறையான இடம் கிடைக்கும் வரை இந்தப் படிப்பு தன் மாணவர்களுக்கு நியாயம் செய்யாது. அந்த இரண்டு மார்க் அதற்குத்தான்.

எங்கே சேர்வது? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-ல் எம்.பி.எச்.சை ஆரம்பித்தது, நம் நாட்டில் இந்தப் படிப்புக்கு முன்னோடி. சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. எல்லாம் விண்ணப்பம் போட வேண்டிய இடங்கள். இவற்றில் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். வெளிநாடு என்றால், பிரிட்டனில் ஒரே வருடத்தில் முடிக்கலாம். அங்கேயே தங்கி வேலை பார்க்கும் எண்ணம் இல்லாமல் முப்பது, நாற்பது லட்சம் கடன் வாங்கிக்கொண்டு போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

சேருவதற்கு முன் உங்களுக்கு இது பிடிக்குமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அயப்பாக்கம் நிறுவனம் சுகாதார ஆய்வின் அடிப்படைகளைப் பற்றி இணையவழிப் பாடம் நடத்துகிறது. படிக்கக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். அதில் மாதிரி எடுப்பதும் ஆய்வு வடிவங்களும் வரும்போது சலிப்புத் தட்டினால், இரண்டு வருடம் இந்தப் படிப்பில் உட்கார முடியாது. ஆர்வம் வந்தால் தைரியமாக வாருங்கள்.

தனியார் கல்லூரிதான் என்று முடிவெடுத்தால், சேர்க்கை அலுவலகத்தில் கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பட்டியலையும் காட்டுவார்கள். அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். புள்ளியியலுக்கு முழுநேர ஆசிரியர் இருக்கிறாரா, அவர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். நெறிமுறைக் குழு வருடத்துக்கு எத்தனை முறை கூடுகிறது என்று கேளுங்கள். போன வருடம் முடித்தவர்கள் எழுதிய ஆய்வேடுகளில் இரண்டை வாங்கி, தகவல் எங்கே எடுத்தார்கள் என்ற பகுதியை மட்டும் படியுங்கள். எல்லாமே கல்லூரி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவிலேயே எடுத்ததாக இருந்தால் அங்கே களம் கிடையாது. கடைசியாக, கல்லூரியின் களப்பகுதியாக எந்த ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது என்று கேட்டு, பஸ் பிடித்து அங்கேயே போய்விடுங்கள். தடுப்பூசி நாளான புதன்கிழமை போனால் செவிலியர்கள் இருப்பார்கள். "இந்தக் கல்லூரிப் பிள்ளைக இங்க வருவாங்களா சிஸ்டர், வந்தா என்ன செய்வாங்க?" என்று கேளுங்கள். போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள் என்று பதில் வந்தால், அந்தக் கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள்.